சீசரால் சுமக்க இயலாதது

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கின் அன்பியக் கூட்டம் ஒன்றில், புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 13-ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. ஆளும் அதிகாரத்துக்கு ஒவ்வொருவரும் பணிந்திருக்க வேண்டும். அதிகாரம் அனைத்தும் கடவுளிடமிருந்தே வருகிறது என்று திருத்தூதர் அறிவுறுத்தும் பகுதி அது. வாசகம் முடிந்ததும் வழக்கம்போல் சற்று நேரம் அமைதி காத்தோம். பகிர்வுக்கு யாரும் முன்வரவில்லை. கூட்டம் கலைந்து தேநீர் வழங்கப்பட்ட வேளையில் இளைஞர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகப் பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன அவருக்கு.

"சார், இன்றைய வாசகம் எனக்காகவே வாசித்ததுபோல் இருந்தது" என்று தொடங்கினார்.

புறம்போக்கு நிலத்தில் குடியிருந்த சில குடும்பங்களை அப்புறப்படுத்தும் வேலை அவருடைய அலுவலகத்தில் நடந்துகொண்டிருந்தது. நெடுங்காலமாய்க் குடியிருப்போர் என்றால் மாற்றிடம் கொடுக்க வேண்டிவரும். ஆகவே அவர்கள் எல்லாரும் ஓராண்டுக்குள் வந்து குடிசை போட்டவர்கள் என்று அறிக்கை எழுதும்படி மேலதிகாரி அவரைப் பணித்திருந்தார். அந்தக் குடும்பங்களை நான் அறிவேன். அவர்களுடைய பிள்ளைகளின் பெயர்கள் எங்கள் கோவில் திருமுழுக்குப் பதிவேட்டில் முப்பது ஆண்டுகளாய் இருக்கின்றன.

"நீ எழுது, கையொப்பம் நான் போடுகிறேன், பொறுப்பு என்னுடையது என்கிறார் அவர். மேலதிகாரத்துக்குப் பணிந்துபோ என்றுதானே வேதமும் சொல்கிறது? நான் என்ன செய்ய, சார்?"

நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. "தம்பி, உனக்கு மனைவி இருக்கிறாள், கைக்குழந்தை இருக்கிறது. பொறுப்பு மேலிடத்துக்குத்தான். நீ உன் குடும்பத்தைப் பார்" என்றேன். அவர் தலையசைத்தார். கையிலிருந்த தேநீரைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார்.

நான் சொன்ன அறிவுரை தவறானது என்பதை எனக்கு உணர்த்தியவர், என் ஊரிலிருந்து வெகு தொலைவில், வேறொரு காலத்தில், வேறொரு மொழி பேசி வாழ்ந்த ஓர் உழவர். அவரைப் பற்றிச் சொல்லுமுன், அன்று வாசித்த அந்த அதிகாரத்தை மீண்டும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

பவுல் சொன்னதும் சொல்லாததும்

உரோமையர் திருமுகம் ஏறத்தாழ கி.பி. 57-ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டது. அப்போது அரியணையில் இருந்தவன் நீரோ. கிறிஸ்தவர்களை அவன் வேட்டையாடிய கொடுமை 64-ஆம் ஆண்டில்தான் நிகழ்ந்தது என்றாலும், பேரரசின் தலைநகரில் அவர்கள் ஏற்கெனவே ஐயத்துக்கு உள்ளான சிறு கூட்டமாகவே இருந்தனர். வீண் கலகத்தில் இறங்காதீர்கள், வரி செலுத்துங்கள், மதிக்க வேண்டியவரை மதியுங்கள் என்று அவர்களுக்கு பவுல் எழுதுகிறார். அது விவேகமான அறிவுரை. இன்றும் பொருந்தும் அறிவுரை. அரசு இல்லாத இடத்தில் வலியவன் கையே சட்டம் ஆகும் என்பதை எளியவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்?

ஆனால் அதிகாரம் ஏன் மதிப்புக்குரியது என்பதற்கும் பவுல் காரணம் கூறுகிறார். ஆள்வோர் மக்களின் நன்மைக்காகக் கடவுளின் பணியாளராய் இருக்கிறார்கள் என்பதே அக்காரணம். அதிகாரத்துக்கு அளிக்கப்படும் பெருமையும் இதுவே, அதற்கு விதிக்கப்படும் வரம்பும் இதுவே. பணியாளர் தம் தலைவருக்கு எதிராகக் கட்டளையிடும்போது, அவர் எந்த உரிமையால் கட்டளையிடுகிறாரோ அந்த உரிமையின் வேரையே தாம் வெட்டிக்கொள்கிறார். அதே அதிகாரத்தில் சில வரிகளுக்குள்ளாகவே, அன்பு அடுத்திருப்பவருக்குத் தீங்கு செய்யாது, ஆகவே அன்பே திருச்சட்டத்தின் நிறைவு என்கிறார் திருத்தூதர். முதல் ஏழு வசனங்களை வாசித்துவிட்டுப் பத்தாம் வசனத்துக்குமுன் புத்தகத்தை மூடிவிடுகிறோம். நாங்களும் அன்று அப்படித்தான் மூடினோம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பணிந்திருத்தல் என்பது ஒன்று. சொன்னதையெல்லாம் செய்தல் என்பது வேறு. போதிக்கக் கூடாது என்ற தடையை பவுல் ஏற்கவில்லை. ஆனால் அதற்காக அவர் வாளெடுக்கவுமில்லை, ஆள் திரட்டவுமில்லை. சிறைக்குப் போனார். சாட்டையடியை ஏற்றார். தம் குடியுரிமையைச் சொல்லிச் சீசரிடமே மேல்முறையீடு செய்தார். இறுதியில் அதே நீரோவின் ஆட்சியில் உரோமை நகரில் தலை வெட்டப்பட்டார் என்பது திருச்சபையின் மரபு. உரோமையர் 13-ஆம் அதிகாரத்தின் பொருளை அறிய விரும்புவோர், அதை எழுதியவரின் வாழ்க்கையை அதன் உரையாகக் கொள்ளலாம்.

புதிய ஏற்பாட்டில் 13 என்ற எண் தாங்கிய மற்றோர் அதிகாரமும் உண்டு. திருவெளிப்பாட்டின் 13-ஆம் அதிகாரத்தில் அதே பேரரசு, கடலிலிருந்து எழும் விலங்காகக் காட்டப்படுகிறது. முன்னதில் அரசு கடவுளின் பணியாளர். பின்னதில் அது கடவுளின் இடத்தைத் தனக்கே கேட்கும் விலங்கு. இரண்டும் ஒரே வேதத்தில்தான் இருக்கின்றன. தம் முன் நிற்பது பணியாளரா விலங்கா என்று அறிந்துகொள்ளும் கடமையிலிருந்து எந்தக் கிறிஸ்தவருக்கும் விலக்கு இல்லை.

நாணயத்தில் இருந்த முகம்

சீசருக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் ஆண்டவர் ஒரு நாணயத்தைக் கொண்டுவரச் சொன்னார் என்பதை நாம் அறிவோம் (மாற்கு 12). அதில் யாருடைய உருவம் இருக்கிறது என்று அவர் கேட்டார். சீசரின் உருவம் இருந்தது. ஆகவே அது சீசருக்கு உரியது. சரி, கடவுளுக்கு உரியது எது? அதில் எந்த உருவத்தைத் தேடுவது? விடை தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. கடவுளின் உருவிலும் சாயலிலும் படைக்கப்பட்டவர் மனிதர். நாணயம் சீசருக்கு, மனிதர் கடவுளுக்கு என்று இவ்வுவமையை ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்னரே தெர்த்துல்லியன் விளக்கியிருக்கிறார்.

ஆகவே, நம் வருமானத்தில் ஒரு பங்கை அரசு கேட்கலாம். நம் உழைப்பைக் கேட்கலாம். சாலையில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்றும், வீட்டை எந்த அளவில் கட்ட வேண்டும் என்றும் சொல்லலாம். கேட்டால் கொடுப்பதும் சொன்னால் கேட்பதும் நம் கடமை. ஆனால் நம்முள் இருக்கும் அந்தச் சாயலை, நன்மை இது தீமை இது என்று அறிந்து அதற்கேற்பத் தீர்மானிக்கும் அந்த ஆற்றலை, அரசிடம் ஒப்படைக்க நமக்கே உரிமை இல்லை. நமக்கு உரியதல்லாததை நாம் எப்படிக் கொடுப்பது?

இந்த உண்மையைத் திருநூலில் முதலில் செயலில் காட்டியவர்கள் அரசர்களோ இறைவாக்கினர்களோ அல்லர். பேறுகாலம் பார்த்த இரண்டு பெண்கள். ஆண் குழந்தைகளைக் கொல்லுமாறு பார்வோன் இட்ட கட்டளையை சிப்ரா, பூவா என்னும் அவ்விருவரும் நிறைவேற்றவில்லை (விடுதலைப் பயணம் 1). பார்வோனின் பெயரை எழுதாத அந்த நூல் இவ்விரு எளிய பெண்களின் பெயர்களைக் காத்துவைத்திருக்கிறது. மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்குக் கீழ்ப்படிவதே தகும் என்று தலைமைச் சங்கத்தின்முன் பேதுருவும் திருத்தூதரும் அறிவித்ததும் (திருத்தூதர் பணிகள் 5) இதே வழியில்தான்.

புனித தாமஸ் அக்குவினாஸ் இங்கே பயனுள்ள ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். அநீதியான சட்டம் நம் உடைமைக்கோ உரிமைக்கோ இழப்பைத் தருமானால், அது மனச்சான்றைக் கட்டுப்படுத்தாது. எனினும் பெருங்குழப்பத்தைத் தவிர்ப்பதற்காக அந்த இழப்பை நாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கடவுளின் கட்டளைக்கு மாறானதைச் செய்யுமாறு சட்டம் பணித்தால், அதற்கு ஒருபோதும் இணங்கலாகாது. எளிய சொற்களில் கூறுவதானால், அநீதியைப் பொறுத்துக்கொள்வது சில வேளைகளில் புண்ணியம் ஆகலாம். அநீதியைச் செய்வது எந்த வேளையிலும் புண்ணியம் ஆகாது. அன்று என்னிடம் வந்த இளைஞர் தமக்கு நேர்ந்த இழப்பைப் பற்றிப் பேசவில்லை. தம் கையால் பிறருக்கு நேரவிருந்த இழப்பைப் பற்றியே பேசினார். அந்த வேறுபாட்டை நான் கவனிக்கத் தவறினேன்.

ஓர் உழவரின் மறுப்பு

ஆஸ்திரியா நாட்டின் வடமேற்கு எல்லையில், சங்க்ட் ரடெகுண்ட் என்னும் சிற்றூரில் 1907-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பிறந்தவர் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர். ஹிட்லர் பிறந்த பிரவுனாவ் நகரும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. மணமாகாத ஒரு பணிப்பெண்ணின் மகனாகப் பிறந்தவர் இவர். தந்தை முதல் உலகப்போரில் மடிந்தார். பின்னர்த் தாயை மணந்த உழவர் இவரைத் தம் மகனாக ஏற்றுத் தம் பெயரையும் நிலத்தையும் தந்தார். இளமையில் இவர் புனிதராய் வாழவில்லை. கேளிக்கையும் சண்டையும் மோட்டார் சைக்கிளுமாகத் திரிந்தவர், மணமாகுமுன்பே ஒரு குழந்தைக்குத் தந்தையானவர். 1936-இல் பிரான்சிஸ்காவை மணந்தபின் இருவரும் சேர்ந்து செபிக்கவும் திருநூல் வாசிக்கவும் தொடங்கினர். மூன்று பெண் குழந்தைகள் பிறந்தனர். 1941 முதல் தம் ஊர் ஆலயத்தில் கோவில்பிள்ளையாகவும் பணி செய்தார்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. ஏப்ரல் 10-இல் அந்த இணைப்புக்கு ஒப்புதல் கேட்டு வாக்கெடுப்பு நடந்தது. நாட்டின் ஆயர்களே இணைப்புக்கு ஆதரவாக அறிக்கை விடுத்திருந்தனர். அந்த ஊரில் 'இல்லை' என்று வாக்களித்தவர் யேகர்ஸ்டேட்டர் ஒருவரே. ஊர் முழுவதும் ஒருமனதாக 'ஆம்' என்றதாகவே மேலிடத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. அவருடைய மறுப்பைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

அவ்வாண்டின் தொடக்கத்தில் அவர் ஒரு கனவு கண்டதாக எழுதிவைத்திருக்கிறார். மலையைச் சுற்றி வரும் அழகிய தொடர்வண்டி ஒன்று. பெரியவரும் சிறியவரும் ஓடி ஓடி அதில் ஏறுகிறார்கள். அந்த வண்டி நரகத்துக்குச் செல்கிறது என்று ஒரு குரல் அவருக்குச் சொல்கிறது. நாசி இயக்கமே அந்த வண்டி என்று அவர் பின்னர்ப் புரிந்துகொண்டார். எல்லாரும் ஏறுகிறார்கள் என்பது, வண்டி எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடையாகாது அல்லவா?

1940-இல் படைக்கு அழைக்கப்பட்டபோது அவர் சென்றார், பயிற்சியும் பெற்றார். வேளாண்மைக்கு ஆள் தேவை என்பதால் 1941-இல் ஊருக்கு அனுப்பப்பட்டார். படைமுகாமில் கண்டதும், மனநோயாளிகளை அரசே கொன்றுவருவதாகக் கேள்விப்பட்டதும் அவரைத் தீர்மானத்துக்குக் கொண்டுவந்தன. இனி அழைத்தால் ஹிட்லருக்காக ஆயுதம் ஏந்துவதில்லை என்று முடிவு செய்தார். ஆனால் தம் எண்ணத்தையே பெரிதாக நம்பி அவர் குதித்துவிடவில்லை. குருக்களிடம் கேட்டார். அப்போது லின்ஸ் மறைமாவட்டத்தை வழிநடத்திய ஆயர் யோசேப்பு பிளீசரிடம் மனைவியுடன் சென்று, கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கேட்டார். குடும்பத்தை நினைத்துப் பார்க்கும்படியும், போரின் நீதி அநீதிக்குக் குடிமகன் பொறுப்பாளி அல்லன் என்றும் ஆயர் அவருக்கு அறிவுரை கூறினார்.

இதை வாசித்தபோது நான் நிறுத்திக்கொண்டேன். குடும்பத்தைப் பார், பொறுப்பு மேலிடத்துக்கு. அன்பியக் கூட்டத்தன்று என் வாயிலிருந்து வந்த சொற்களே அவை.

அந்த ஆயரை எளிதில் பழித்துவிட வேண்டாம். வந்தவர் அரசின் ஒற்றராக இருக்கலாம் என்ற ஐயம் அவருக்கு இருந்திருக்கலாம். அச்சம் நிறைந்த காலம் அது. அந்த உழவரின் சொந்தப் பங்குக்குருவே ஒரு மறையுரைக்காகக் கைது செய்யப்பட்டு ஊரைவிட்டு அகற்றப்பட்டிருந்தார். ஓர் இளம் தந்தையைச் சாவிலிருந்து காக்க வேண்டும் என்ற இரக்கமும் அந்த அறிவுரையில் இருந்தது. என் அறிவுரையிலும் இரக்கம் இருந்தது. ஆனால் மனச்சான்றோடு போராடி வந்தவருக்கு, அந்தப் போராட்டம் உன்னுடையதன்று என்று கூறி அனுப்புவது இரக்கமாகுமா?

1943 பிப்ரவரியில் மீண்டும் அழைப்பு வந்தது. மார்ச் முதல் நாள் யேகர்ஸ்டேட்டர் என்ஸ் நகரப் படைமுகாமுக்குச் சென்றார். அவர் ஓடி ஒளியவில்லை. நேரில் சென்று, ஆயுதம் ஏந்த இயலாது என்று அறிவித்தார். காயமுற்றோருக்கு மருத்துவப் பணி செய்ய அணியமாக இருப்பதாகவும் கூறினார். அது ஏற்கப்படவில்லை. லின்ஸ் சிறையில் அடைக்கப்பட்டு, பின்பு பெர்லின் நகரின் டேகல் சிறைக்கு மாற்றப்பட்டார். ஜூலை 6-இல் இராணுவ உயர்நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. புனித தாமஸ் மூர் இங்கிலாந்து அரசனின் விருப்பத்துக்கு இணங்க மறுத்துத் தலை கொடுத்ததும் 1535-ஆம் ஆண்டின் ஒரு ஜூலை 6-ஆம் நாளில்தான்.

தாம் தனியராய் நிற்பதாகவே யேகர்ஸ்டேட்டர் எண்ணியிருந்தார். பிரான்ஸ் ரைனிஷ் என்னும் குரு ஒருவர் ஹிட்லரின் பெயரால் உறுதிமொழி கூற மறுத்து ஓராண்டுக்குமுன் உயிரைக் கொடுத்திருந்தார் என்று சிறைக் குரு சொன்னபோது அவர் பெரிதும் ஆறுதலடைந்தார். 1943 ஆகஸ்ட் 9-ஆம் நாள் பிராண்டன்பூர்க் சிறையில் அவருடைய தலை வெட்டப்பட்டது. வயது முப்பத்தாறு.

மூன்று வினாக்கள்

இந்த வரலாற்றைக் கேட்போர் மனத்தில் மூன்று வினாக்கள் எழும். அவற்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

குடும்பம் என்ன ஆவது என்பது முதல் வினா. இதற்கு யேகர்ஸ்டேட்டர் எளிய விடை எதையும் கூறவில்லை. அவருடைய சிறைக் கடிதங்கள் மனைவி மக்களை நினைந்து உருகுகின்றன. மனைவியும் பிள்ளைகளும் இருப்பதால் கடவுளுக்கு மாறானதைச் செய்யும் உரிமை ஒருவருக்கு வந்துவிடாது என்பதே அவர் நிலைப்பாடு. பிரான்சிஸ்கா தொடக்கத்தில் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம் என்று அவரிடம் மன்றாடினார். உற்றாரும் ஊராரும் ஒருங்கே அவரை எதிர்த்தபோதோ, தாமும் விலகினால் அவருக்கு யாருமே இல்லை என்று கணவரின் பக்கம் நின்றுவிட்டார். கணவர் மடிந்தபின் நிலத்தை உழுதவரும், ஊரின் பழிச்சொல்லைக் கேட்டவரும், போருக்குப்பின் உதவித்தொகை மறுக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவரும் அவரே. மறுப்பின் விலையில் பெரும்பகுதியை அவர்தான் செலுத்தினார். இல்லற வாழ்வில் இருப்போருக்கு மனச்சான்று என்பது தனியுடைமை ஆகாது. அதைப் பகிர்ந்துகொள்ளும் துணையும் வேண்டும் என்பதை அந்த அம்மையார் நமக்குக் கற்பிக்கிறார்.

அரசும் ஆயர்களும் அறியாததை ஓர் உழவர் அறிவாரா என்பது இரண்டாவது வினா. அரசியலின் நுட்பங்கள் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பிறர் நாட்டின்மேல் படையெடுத்து அங்குள்ளோரைக் கொல்வது தற்காப்பு ஆகாது என்று அறிய நுட்பம் வேண்டியதில்லை. ஓராண்டுக்குமுன் வந்தவர்கள் என்று எழுதச் சொன்னது பொய் என்பதை அறிய, திருமுழுக்குப் பதிவேடு ஒன்றே போதும். பல வேளைகளில் நமக்குக் குறைவாக இருப்பது அறிவன்று. அறிந்ததை ஏற்கும் துணிவு.

ஆளுக்கு ஆள் மனச்சான்று என்று கூறிச் சட்டத்தை மீறினால் நாடு என்ன ஆகும் என்பது மூன்றாவது வினா. மூன்றிலும் கனமானது இதுவே. வரி கட்ட மனமில்லாதவரும் தம் சோம்பலுக்கு மனச்சான்று என்று பெயர் சூட்டலாம். ஆகவே உரைகல் வேண்டும். யேகர்ஸ்டேட்டரின் வாழ்விலிருந்தே அதை எடுத்துக்கொள்ளலாம். அவர் மறுத்தது தமக்கு நேரும் துன்பத்தையா, தம்மால் பிறருக்கு நேரும் துன்பத்தையா? மறுத்ததால் அவருக்குக் கிடைத்தது ஆதாயமா, இழப்பா? வாசித்தும் செபித்தும் மூத்தோரிடம் கேட்டும் தெளிந்தாரா, தம் விருப்பத்தையே மனச்சான்றாகக் கொண்டாரா? ஒளிந்து மறுத்தாரா, வெளிப்படையாக மறுத்துத் தண்டனையை ஏற்றாரா? படைக்குச் சென்ற அண்டை வீட்டாரை இகழ்ந்தாரா, அவர்களைக் கடவுளிடம் விட்டுவிட்டாரா? இந்த உரைகல்லில் உரசினால் போலி மனச்சான்று தேறாது. உண்மையான மறுப்பாளர் சட்டத்தை இகழ்பவர் அல்லர்; அதை மதிப்பதால்தான் அதன் தண்டனைக்குத் தம்மையே கையளிக்கிறார்.

திருச்சபை கற்றுக்கொண்டது

போர் முடிந்தபின்னும் யேகர்ஸ்டேட்டரைப் பற்றிப் பேசத் திருச்சபைக்கும் தயக்கம் இருந்தது. அவரைப் பற்றிய கட்டுரையை மறைமாவட்ட ஏட்டில் வெளியிட அதே ஆயர் இசையவில்லை. கடமையென எண்ணிப் போரில் மடிந்தவர்களின் குடும்பங்கள் புண்படும் என்று கருதினார். பின்னர் அமெரிக்க சமூகவியலாளர் கார்டன் சான் அந்த ஊருக்கே சென்று விசாரித்து 1964-இல் ஒரு நூல் வெளியிட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின்முன் இந்த உழவரின் சான்றை எடுத்துவைத்தவர் நமக்கு அந்நியர் அல்லர். 1937 முதல் 1950 வரை பம்பாய்ப் பேராயராக இருந்து, இந்தியர் ஒருவர் அப்பொறுப்பை ஏற்கட்டும் என்று விலகிய தாமஸ் இராபர்ட்ஸ் அவர்களே.

சங்கம் 1965 டிசம்பர் 7-இல் வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில் இதன் எதிரொலியைக் கேட்கலாம். மனிதர் கடவுளோடு தனித்திருக்கும் திருவிடம் மனச்சான்று என்று அது உணர்த்துகிறது. கொடுஞ்செயல்களைச் செய்யப் பணிக்கும் கட்டளைக்குக் கண்மூடிக் கீழ்ப்படிந்தோரை அந்தக் கீழ்ப்படிதல் குற்றத்திலிருந்து விடுவிக்காது என்றும், அத்தகைய கட்டளைகளை வெளிப்படையாக எதிர்ப்போரின் துணிவு பாராட்டுக்குரியது என்றும் அது கூறுகிறது. 1945-46-இல் நடந்த நூரம்பர்க் விசாரணையில், மேலிடத்துக் கட்டளை என்ற வாதம் குற்றத்தின் பொறுப்பை நீக்காது என்று உலகமும் கண்டுகொண்டிருந்தது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, குடிமக்களின் கடமைகளாக வரி, வாக்கு, நாட்டுக் காப்பு ஆகியவற்றைக் கூறிய கையோடு, அறநெறிக்கு மாறான ஆணைகளைப் பின்பற்றாமல் இருப்பதையும் கடமையாகவே வைக்கிறது.

1997-இல் பெர்லின் நீதிமன்றம் ஒன்று யேகர்ஸ்டேட்டருக்கு விதிக்கப்பட்ட தீர்ப்பை நீக்கியது. 2007 அக்டோபர் 26-இல் லின்ஸ் பேராலயத்தில் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார். தொண்ணூற்று நான்கு வயதில் பிரான்சிஸ்கா அந்தத் திருப்பலியில் கலந்துகொண்டார். நூறாவது பிறந்தநாளைக் கண்டபின் 2013-இல் கணவரிடம் சென்று சேர்ந்தார்.

நாம் ஹிட்லரின் ஆட்சியில் வாழவில்லை என்று யாரேனும் கூறலாம். உண்மைதான், அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும். நம் அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு மனச்சான்றின் உரிமையைக் காக்கிறது. எழுந்து நின்று மரியாதை செலுத்தியும் தங்கள் மத நம்பிக்கையால் நாட்டுப்பண்ணைப் பாடாதிருந்த கேரள மாணவர் மூவரைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. மனுக் கொடுக்கவும் வழக்குத் தொடுக்கவும் வாக்கால் ஆட்சியை மாற்றவும் நமக்கு வழிகள் உண்டு. அவ்வழிகளை நாடாமல் மறுப்பில் இறங்குவது பொறுப்பின்மை. ஆனால் நல்ல சாசனம் உள்ள நாட்டிலும் பொய் அறிக்கை எழுதச் சொல்லும் மேசைகள் உண்டு. அங்கே நம் தலையை யாரும் கேட்பதில்லை. ஒரு கையெழுத்தை, ஒரு மௌனத்தை, ஓர் இணக்கத்தை மட்டுமே கேட்கிறார்கள். விலை குறைவு என்பதாலேயே எளிதில் விற்றுவிடுகிறோம்.

பொறுப்பு என்னுடையது என்று மேலிருப்பவர் கூறும்போது அவர் பொய் சொல்வதாகக் கூட எண்ணியிருக்க மாட்டார். ஆனால் அவரால் தர முடியாத ஒன்றை அவர் வாக்களிக்கிறார். தமக்குரிய பொறுப்பை அவர் சுமக்கலாம். எனக்குரியதைச் சுமக்க அவரால் இயலாது. சீசரிடம் படை உண்டு, கருவூலம் உண்டு, சிறை உண்டு. மற்றொரு மனிதரின் மனச்சான்றைத் தூக்கிச் சுமக்கும் தோள் மட்டும் அவருக்கு இல்லை. இறுதி நாளில் நாம் தனித்தனியே அழைக்கப்படுவோம். அலுவலகம் அலுவலகமாக அன்று.

இதை அந்த இளைஞரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். சில மாதங்களுக்குப் பின் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது அவரைக் கண்டேன். அன்றிரவு வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் கூறினாராம். "பொய் எழுதிய கையால் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவீர்களா?" என்று அவர் கேட்டாராம். மறுநாள் பதிவேட்டில் இருந்ததையும் நேரில் கண்டதையும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாள் ஒதுக்கிவைக்கப்பட்டது. வேறொருவர் வேறொரு அறிக்கை எழுதினார். குடிசைகள் அகற்றப்பட்டன. இவரைத் தொலைவான ஓர் ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

"எழுதியதால் ஒன்றும் நடக்கவில்லை, சார்" என்றார்.

என்னிடம் விடை இல்லை. ரடெகுண்ட் ஊரில் விழுந்த அந்த ஒற்றை வாக்கை நினைத்துக்கொண்டேன். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அவர் விடைபெற்றார். மனைவியின் தோளில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்து நின்றேன். பிறகு கோவிலுக்குள் திரும்பிப் போய் முழந்தாளிட்டேன்.